முகவரி 23

பெட்டியின் பின்தகட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. இப்போது அதன்மேல் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து இரண்டு ரிவெட் அடித்திருக்கிறது. உடம்பின் நடுவே, தகட்டை வெட்டி நீட்டி ஒட்டிய தடம் சுற்றிவர ஓடுகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த பிறகும் விரலை வைத்தால் தட்டுப்படும். திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுச் செய்யும் பெரியவர் ஒருவரின் பட்டறையில் பிறந்த பெட்டி அது. உள்ளேயிருந்த சின்ன போர்டை இறக்கிவிட்டுப் பெரிய போர்டை ஏற்ற வேண்டி வந்தபோது மறுபடியும் அங்கேதான் போனது. அந்த இரண்டு தழும்புகளும் அப்போது விழுந்தவை.

நான் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே, சிறுமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில். மூடிய நூற்பாலை ஒன்றின் ஏலச் சாமான்களோடு சேர்ந்து எங்களிடம் ஒரு மல்டிமீட்டர் வந்தது. எச்பி 3478ஏ. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லவ்லேண்ட் என்ற ஊரில் 1980களில் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் செய்தது. ஐந்தரை இலக்கம் காட்டும். துடைத்து மின்சாரம் கொடுத்ததும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு அளக்கத் தயாராக நின்றது. புது மீட்டரில் இந்தத் துல்லியம் வேண்டுமென்றால் எங்கள் துறையின் ஒரு வருடப் பணம் போதாது.

ஆனால் அதற்குள் ஒரு கவலை இருந்தது. இந்த வகை மீட்டரில் அளவுத்திருத்த எண்கள் எல்லாம் 256 இடங்கள் கொண்ட ஒரு சிறு நினைவகச் சில்லில் இருக்கின்றன. ஓர் இடத்துக்கு அரை பைட். மின்சாரம் நின்றால் மறந்துவிடும் வகைச் சில்லு அது. மறக்காமல் காப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றுதான். மூடியைத் திறந்து அளந்தேன். 2.9 வோல்ட் காட்டியது. பேட்டரி செத்தால் மீட்டர் சாகாது, எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த எண்ணை நம்ப முடியாது, அவ்வளவுதான். திரும்பவும் திருத்த வேண்டுமானால் அதைவிடத் துல்லியமான கருவிகள் இருக்கும் கூடத்துக்குத்தான் எடுத்துப் போக வேண்டும். ஆகவே பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் அந்த 256 எண்களையும் வெளியே எடுத்து எழுதி வைத்துவிட வேண்டும். மீட்டரின் முதுகில் இருக்கும் 24 முனைச் சாக்கெட் வழியாக அதைச் செய்யலாம்.

அந்தச் சாக்கெட்டுக்கு வயது அதிகம். தன் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக எச்பி வகுத்த முறை 1975இல் ஐஇஇஇ 488 என்ற பொதுத் தரமானது. ஆய்வகங்களில் ஜிபிஐபி என்பார்கள். 24 முனைகளில் 16 பேசும் கம்பிகள், மற்றவை தரைக்கும் கவசத்துக்கும். 16இல் எட்டு, தரவுக்கு. ஐந்து, யார் பேசுவது, யார் கேட்பது என்று மேய்ப்பதற்கு. மீதி மூன்றுதான் இந்த முறையின் உயிர்.

பந்தி பரிமாறுகிற இடத்தில் நின்று பார்த்தால் அந்த மூன்று கம்பிகளும் புரிந்துவிடும். சோற்று வாளியோடு நிற்பவர் ‘போடலாமா’ என்று பார்க்கிறார். ஒரே ஒரு இலைக்காரர் கையை மறித்து ‘இருங்க’ என்றாலும் வாளி நிற்கிறது. எல்லோரும் கையை எடுத்ததும் சோறு விழுகிறது. விழுந்ததை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு கம்பி ‘தரவு வைத்துவிட்டேன்’ என்கிறது. இன்னொன்று ‘நான் இன்னும் தயாரில்லை’ என்கிறது. மூன்றாவது ‘இன்னும் வாங்கவில்லை’ என்கிறது. ஒரே கம்பித் தொடரில் 15 கருவிகள் வரை உட்காரலாம். அதில் மிக மெதுவான கருவிக்காக மற்ற எல்லாமே காத்திருக்கும். யாரையும் விட்டுவிட்டு ஓடாத இந்த ஏற்பாட்டால்தான் 1980களின் மீட்டரோடு இன்றைய மைக்ரோகன்ட்ரோலர் தடுமாறாமல் பேச முடிகிறது.

கணினிக்கும் இந்தக் கம்பிக்கும் நடுவில் நிற்கும் பெட்டிகளைப் பெரிய நிறுவனங்கள் விற்கின்றன. எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆர்டுயினோ போர்டையே அந்தப் பெட்டியாக்கும் ஏஆர்488 என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போன ஒருவரிடம் சொல்லி ஆர்டுயினோ நானோ ஒன்றை வாங்கிவரச் செய்தேன். 45 மில்லிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் அகலம். மேலே ஏட்மெகா328பி சில்லு. 32 கிலோபைட் நிரல் இடம், 2 கிலோபைட் வேலை நினைவகம். இணையாக ஓடும் கம்பிப் பட்டையை எடுத்து, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து 16 கம்பிகளைப் பற்றவைத்தேன்.

பெட்டிக்குத்தான் நாகல் நகர் போனேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டை அரத்தால் ராவி உருவாக்கும் கைகளுக்கு ஒரு தகரப் பெட்டி பெரிய காரியம் இல்லை. 24 முனைச் சாக்கெட்டின் வாய் நேர்ச்சதுரமாக இருக்காது, இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். பெரியவர் அதைத் தாளில் வைத்து அழுத்தி அச்சு எடுத்து, சின்ன அரத்தால் ஓரம் ஓரமாக ராவினார். எங்களிடம் இருந்த பழைய கேபிளின் திருகாணிகள் வெள்ளை நிறம். சாக்கெட்டோடு வந்த தாங்கிகள் கறுப்பு. இரண்டு திருப்பு ஏறிவிட்டு நின்றுகொண்டது. நான் அழுத்தித் திருகப் போனேன்.

“விடு தம்பி, விடு. மரை வேற.”

“பார்த்தா ஒண்ணு போலத்தானே இருக்கு ஐயா?”

“கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும். நகத்தை வச்சு இழுத்துப் பாரு. இது நெருக்கம், அது அகலம்.”

அவர் சொன்னது சரி. ஆரம்ப காலத்து ஜிபிஐபி திருகாணிகள் அங்குல மரை. பிறகு மில்லிமீட்டர் மரைக்கு மாறியபோது, அடையாளம் தெரியட்டும் என்றுதான் கறுப்பாக்கினார்கள். அவர் அந்த வரலாற்றைப் படித்ததில்லை, நகத்தால் கண்டுபிடித்தார். பித்தளைக் கம்பியில் அங்குல மரை போட்டுப் புதுத் தாங்கிகள் இரண்டைக் கடைந்து கொடுத்தார். பெட்டியில் இன்றும் அவைதான் இருக்கின்றன.

மீட்டரின் தொழிற்சாலை முகவரி 23. போர்டுக்கு அந்த எண்ணைச் சொல்லி முதல் கட்டளை அனுப்பினேன். இந்த மீட்டரிடம் ‘டி2’ என்று தொடங்கி 12 எழுத்துக்குள் எதை அனுப்பினாலும் தன் திரையில் காட்டும். எங்கள் ஆய்வு மாணவி ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினாள். அளவு காட்டிக்கொண்டிருந்த திரை ஒரு நொடி வெறுமையாகி ‘திண்டுக்கல்’ என்றது. “சார், பேசிருச்சு!” என்று கத்தினாள். லவ்லேண்டிலிருந்து எந்தெந்த ஊர் வழியாகவோ வந்து சேர்ந்த மீட்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதில் எனக்கும் தொண்டை அடைத்தது.

அடுத்து அந்த 256 எண்கள். ‘டபிள்யூ’ என்ற எழுத்தையும் இடத்தின் எண்ணை ஒரு பைட்டாகவும் அனுப்பினால், அங்கே உள்ள அரை பைட்டை மீட்டர் ஒரு குறியாகத் திருப்பித் தரும். ஓட்டினேன். 10ஆம் இடத்தில் நின்றுவிட்டது. அதைத் தாண்டவிட்டால் 13இல் நின்றது. பிறகு 27, பிறகு 43. மற்ற 252ம் ஒழுங்காக வந்தன. பழுது மீட்டரில் இல்லை. 10ம் 13ம் வரி முடிந்தது என்று போர்டுக்குச் சொல்லும் குறிகள். 43 என்பது கூட்டல் குறி, போர்டுக்கான கட்டளைகள் இரட்டைக் கூட்டலில்தான் தொடங்கும். 27 ‘அடுத்து வருவதை அப்படியே அனுப்பு’ என்று சொல்லும் குறி. மீட்டருக்குப் போக வேண்டிய எண்களைத் தனக்கு வந்தவை என்று நினைத்து நடுவில் நின்ற பெட்டி விழுங்கியிருக்கிறது. அந்த நான்குக்கு முன்னாலும் ஒரு 27ஐச் சேர்த்ததும் 256ம் வந்தன. மூன்று முறை எடுத்து ஒப்பிட்டு, அச்சடித்து, ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். அதன் பிறகே பேட்டரியை மாற்றினோம்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்றால் நானோவே போதும். மாணவியின் ஆய்வுதான் அதை மாற்ற வைத்தது. கண்ணாடித் துண்டின் மேல் படியவைத்த மென்படலம் ஒன்றின் மின்தடையை இரவு முழுக்க, நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். கணினியை இரவெல்லாம் போட்டு வைக்க வழியில்லை, மின்வெட்டும் வரும். நேரம் தெரிய ஒரு கடிகாரச் சில்லு வேண்டும், எழுதி வைக்க எஸ்டி கார்டு வேண்டும்.

நானோவில் எண் பின்களாகப் பயன்படுபவை 20. கணினியோடு பேச 0ம் 1ம் போய்விட்டால் 18. கம்பித் தொடருக்கு 16. மிச்சம் இரண்டு, 6ம் 13ம். கடிகாரச் சில்லுக்கு ஏ4, ஏ5 வேண்டும். அவற்றில் தரவுக் கம்பிகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. எஸ்டி கார்டுக்கு 11, 12, 13. அவற்றிலும் இரண்டில் ஆள் இருக்கிறது. நினைவகத்திலும் இடமில்லை. எஸ்டி கார்டில் எழுத ஒரு தடவைக்கு 512 பைட் பிடித்து வைக்க வேண்டும், இருக்கும் 2 கிலோபைட்டில் அதுவே கால் பங்கு. ஒண்டுக்குடித்தன அறையில் ஒரு கட்டிலை நுழைக்கப் பார்ப்பது போலத்தான்.

மெகா 2560 வந்தது. 54 எண் பின்கள், அனலாக் பின்கள் 16. நிரலுக்கு 256 கிலோபைட், வேலைக்கு 8. நீளம் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடம் தாராளம் என்ற சந்தோஷத்தில், பழைய வீட்டுச் சாமான்களை அப்படியே தூக்கி வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

நம் நாட்டிலேயே இப்படிப் போர்டு மாறி மாறி வளர்ந்த கருவி ஒன்று உண்டு. கல்லூரி இயற்பியலுக்கு மலிவான கருவி செய்ய வேண்டும் என்று 2004இல் தில்லியில், இன்று இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் என்று அழைக்கப்படும் மையத்தில் பீனிக்ஸ் திட்டம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் அஜித் குமார். முதலில் கணினியின் பிரிண்டர் வாசல் வழியாகத்தான் பேசியது. பிறகு ஏட்மெகா16 சில்லில் தனிக் கருவியானது. எக்ஸ்ப்ஐஸ் என்று பெயர் மாறி ஏட்மெகா32க்கும், அப்புறம் பிக்24 சில்லுகளுக்கும் போய் 2017இல் எக்ஸ்ப்ஐஸ்-17 ஆக வந்தது. ஊசல், ஒலியின் வேகம், சுருளுக்குள் விழும் காந்தம் என்று மாணவர் செய்யும் சோதனைகள் மாறவில்லை, அடியிலிருந்த சில்லுதான் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் எத்தனை இரவுகள் போயிருக்கும் என்று மெகாவோடு மல்லுக்கட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் வடிவமைப்பையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். என்னைப் போன்ற ஆய்வக ஊழியர்கள் தைரியமாகக் கை வைப்பதற்கு அப்படித் திறந்து வைத்தவர்கள்தான் காரணம்.

நானோவில் எட்டுத் தரவுக் கம்பிகளும் சிதறிக் கிடந்தன. ஆறு ஒரு போர்ட்டில், இரண்டு இன்னொன்றில். மெகாவில் எட்டையும் ஒரே போர்ட்டில் வைத்தால் ஒரே வீச்சில் படிக்கலாம். போர்டின் ஓரத்தில் 30 முதல் 37 வரை பின்கள் வரிசையாக நின்றன. அவை எட்டும் போர்ட் சி. 30இல் முதல் தரவுக் கம்பி, 37இல் எட்டாவது என்று வைத்தேன். அனுப்பும் நிரலைப் பழையபடி ஒவ்வொரு பின்னாக எழுத விட்டுவிட்டு, படிக்கும் நிரலை மட்டும் போர்ட்டை மொத்தமாகப் படிக்க மாற்றினேன்.

மீட்டர் கட்டளைகளுக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தது. திரும்பி வந்தது மட்டும் குப்பை. இரண்டு நாள் கேபிளைக் குறை சொன்னேன், சால்டரைச் சுரண்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாணவி அந்தக் குப்பையைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சார், புள்ளி வரவேண்டிய இடத்துல எப்பவும் சின்ன டி எழுத்துதான் வருது. மீட்டர்ல 2 இருந்தா பெரிய எல். 6 இருந்தா சின்ன எல்.”

2 என்ற குறியை எட்டு இலக்கமாக எழுதினோம். 00110010. பெரிய எல், 01001100. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது. போர்ட் சியில் மிகப் பெரிய மதிப்புள்ள இலக்கம்தான் 30ஆம் பின், மிகச் சிறிய மதிப்புள்ளது 37. போர்டில் எண்கள் ஏறிக்கொண்டு போக, உள்ளே சில்லில் இறங்கிக்கொண்டு வருகின்றன. பட்டைக் கம்பியைப் பிடுங்கித் திருப்பிச் செருகி, அனுப்பும் நிரலையும் அதற்கேற்ப மாற்றியதும் புள்ளி புள்ளியாக வந்தது. அவள் தாளில் எழுதியிராவிட்டால் நான் இன்னும் சால்டரைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்த தடுமாற்றம் சத்தமே இல்லாதது. கருவி ஏதாவது சொல்ல விரும்பினால் கை தூக்க ஒரு கம்பி இருக்கிறது. எஸ்ஆர்க்யூ. நானோவில் அது 2ஆம் பின். அந்தப் பின்னில் அசைவு வந்ததும் சில்லைத் தட்டி எழுப்பும்படி நேரடியாகச் சில்லின் பதிவேட்டில் எழுதியிருந்தேன். மெகாவிலும் அந்த நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஏறியது. ஆனால் மீட்டர் எத்தனை முறை கை தூக்கினாலும் மெகா திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை முறை எழுப்பப்பட்டது என்று எண்ணிக் காட்ட ஒரு வரி சேர்த்தேன். பூஜ்யம். பூஜ்யம். போர்டின் மறு ஓரத்தில் கிடந்த கம்பித் துணுக்கை எடுக்கப் போனேன், விரல் ஏ10 பின்னில் பட்டது. எண்ணிக்கை மளமளவென்று ஓடியது.

நானோவின் சில்லில் 18ஆம் எண் அசைவு வாசல் 2ஆம் பின்னில் இருக்கிறது. மெகாவின் சில்லிலும் 18ஆம் எண் வாசல் உண்டு, ஆனால் அது ஏ10இல் திறக்கிறது. பெயர் அதே, தெரு வேறு. போர்டு கம்பியே இல்லாத வாசலில் காது வைத்து இத்தனை நாள் காத்திருந்திருக்கிறது. நிரலைத் தொடவில்லை. எஸ்ஆர்க்யூ கம்பியை 2இலிருந்து எடுத்து ஏ10இல் வைத்தேன்.

கிடைத்த மிச்சப் பின்களில் மூன்றை இன்னொரு வேலைக்கு ஒதுக்கினேன். இந்தத் தொடரை ஓட்டும் கருவி ஒரு கம்பியில் 48 மில்லியாம்பியர் வரை இழுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது தரம். ஆர்டுயினோ பின் நிம்மதியாகத் தாங்குவது 20. ஒரு மீட்டர், ஒரு குட்டைக் கேபிள் என்றால் ஓடிவிடும். இரண்டு மூன்று கருவிகள் சேர்ந்தால் போர்டை நம்பக் கூடாது. அதற்காகவே உள்ள 75160, 75161 சில்லுகளை நடுவில் வைக்க வேண்டும். அவற்றுக்கு எந்தத் திசையில் பேச்சு என்று சொல்லத்தான் கூடுதல் பின்கள்.

மெகா பழைய பெட்டிக்குள் நுழையவில்லை. புதுப் பெட்டி வாங்கலாம் என்றார்கள். சாக்கெட் வாயை அவ்வளவு பொறுமையாக ராவிய தகட்டைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. மறுபடியும் நாகல் நகர். பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உள்ள இருக்கிற ஆளு வளர்ந்துட்டானாக்கும்” என்றார். உடம்பை நடுவில் வெட்டி, ஆறு சென்டிமீட்டர் அகலத் தகட்டை வைத்து ஒட்டினார். நானோவின் யூஎஸ்பி வாய்க்குச் செய்த ஓட்டை மெகாவின் சதுர வாய்க்கு இடம் மாறிப் போனது. அதை மூடத்தான் அந்தப் பித்தளைத் துண்டு.

சிறுமலைக்கு எதிர்ப்பக்கம், வானம் தெளிந்த நாளில் கொடைக்கானல் மலை தெரியும். 1899இல் சென்னையிலிருந்த வானாய்வகம் அந்த மலைக்கு இடம் மாறியது. அன்றைக்கு மலையேறப் போகிறவர்கள் ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, எங்கள் சமவெளியைத் தாண்டித்தான் போக வேண்டும். பத்து வருடம் கழித்து, 1909இல், ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டார். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் பஸ்சுக்கு நிற்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பேன். கருவிகளை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பொருத்தி அவை பழையபடி உண்மை பேசும் வரை உடனிருந்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களை நினைத்துக்கொள்வேன்.

முதல் இரவு ஓட்டத்தில் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மீட்டர் அணைந்தது. மெகா பேட்டரியில் விழித்திருந்து, கடிகாரத்தைப் பார்த்து ‘பதிலில்லை’ என்று நேரத்தோடு கார்டில் எழுதிக்கொண்டே இருந்தது. 3478ஏ மீட்டரின் பின்னால் சிறு சுவிட்ச் வரிசை ஒன்று உண்டு. அதில் ஒன்றைத் தள்ளி வைத்திருந்தால் மின்சாரம் திரும்பியதும் மீட்டர் தானே கை தூக்கும். தூக்கியது. ஏ10 கேட்டது. விழித்த மீட்டர் வழக்கம்போல நேர்மின் வோல்ட் அளக்கத் தயாராக நின்றிருக்கும். மெகா ‘எஃப்4’ என்று அனுப்பி, நான்கு கம்பி மின்தடைக்கு அதைத் திருப்பி உட்கார வைத்தது. காலையில் மாணவி கார்டைப் படித்தபோது 38 நிமிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் கோடு ஒரே சரிவில் போனது.

போன மாதம் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, பழனி போகும் பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு கல்லூரியில் இதே மாதிரி மீட்டர் பத்து வருடமாக அலமாரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அங்கே துறைத் தலைவராக இருக்கும் அம்மா அதைத் தூசி தட்டி மேசையில் வைத்திருந்தார். பேட்டரி 2.7 வோல்ட். அங்குல மரைத் திருகாணிகள் இரண்டையும் கையால் ஏற்றிவிட்டு, 23ஆம் முகவரியைக் கூப்பிட்டேன். 0ஆம் இடம் வந்தது, 1 வந்தது, 9 வந்தது. 10ம் நிற்காமல் வந்தது.